மொசேசேயின் இரண்டரை மணி நேரம்

கொல்லையில் சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்த மெலியானேவுக்கு அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. உதவியாள் தெமோ.

"அக்கா, ஒன்பது வயசுப் பையன், முழங்கால்ல கட்டி. வெளிநாட்டு சர்ஜன் சாயங்கால விமானத்துல போறாரு. புற்றுநோய்னா காலை இன்னிக்கே எடுத்தாகணுமாம். சதைத் துண்டை நம்ம மெஷின்ல போட்டா நாளைக்குத்தான் பதில். உங்கப்பா முறை தெரிஞ்ச ஆள் இப்ப நீங்க ஒருத்திதான்."

அப்பா மொசேசே கூடத்தில் பெட்டிக்குள் கிடந்தார். பத்து மணிக்கு அடக்கம். டோங்காத் தீவுகளில் செத்தவரின் பிள்ளைகளுக்குக் கொல்லைதான் இடம். கிழிந்த பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மண் மூடும்வரை சமையல் வேலை பார்க்க வேண்டும். தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா லோசலின் சொன்னால்தான் வெளியே போகலாம். அத்தை ஆசையாக வாங்கிய மைக்ரோவேவ் அடுப்பைத்தான் ஆறு வருஷத்துக்கு முன் அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மொசேசே அங்கே தூக்கிப் போனார். பன்றி ஈரலாக வாங்கி வாங்கிச் சோதித்து, சதைத் துண்டில் மெழுகேற்ற ராத்திரி முழுக்க இழுக்கும் வேலையை இரண்டரை மணி நேரத்துக்குக் கொண்டுவந்தார். கறிக்கடைக்காரர் என்று ஊர் சிரித்தது. பெரிய டாக்டர் அந்த முறைக்குச் சம்மதித்ததே போன மாசம்தான்.

மெலியானே அத்தை முன் முட்டிபோட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"என் அடுப்புலயா?"

"ஆமா அத்தே."

"திருட்டுப் பய." அத்தை தம்பியின் நெற்றியைத் தடவினாள். "போடீ. நீ வர்ற வரைக்கும் இவனை ஒருத்தன் குழியில இறக்கமாட்டான். பாதிரியாருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

ஆய்வுக்கூடத்தில், அவசரத்தில் வெட்டிய முதல் துண்டு தடிமனாக விழுந்தது. பழைய மெஷினுக்கு வெட்டிப் பழகிய கை. அப்படியே போட்டால் நடுவில் மெழுகு ஏறாது, எல்லாம் பாழ். மெலியானே மூச்சை இழுத்துவிட்டு, நகக்கனத்துக்கு மறுபடி வெட்டினாள். சாராயம், சூடு, மெழுகு. பிறகு சீவல், சாயம். பன்னிரண்டரைக்குப் பெரிய டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து தலை தூக்கினார்.

"புற்றுநோய் இல்ல. காசநோய். மாத்திரை போதும்."

தெமோ மேசையைக் குத்திக் கூவினான். அப்பனைப் புதைக்கிற நாளில் மெலியானேவுக்குச் சந்தோஷம் பொங்கியது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை.

இடுகாட்டில் ஊரே வெயிலில் வெந்துகொண்டு நின்றது. பாதிரியார் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடீ?" என்றாள் அத்தை.

"பையன் கால் தப்பிச்சுது அத்தே."

அத்தை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டீங்களா? சிரிச்சவங்கல்லாம் நல்லாக் கேட்டுக்கோங்க!" பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப இறக்குங்க," என்றாள்.

கயிறுகள் இறுகின. பாட்டு எழுந்தது. பின்னால் ஒதுங்கப்போன மெலியானேவின் மணிக்கட்டை அத்தை பிடித்து, பிள்ளைகள் நிற்கக்கூடாத குழியின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டாள்.