ஒரு மரமாவது தெரியட்டும்

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாகச் சொல்வார்கள். அழுத ஓநாய் அதோடு நிற்கவில்லை. ஆடுகள் நனையாதிருக்க நாற்பது பக்கத்தில் ஒரு சட்டமும் எழுதியது. தம் காடுகளைப் பாட்டன் காலத்திலேயே விறகாக்கிக் குளிர்காய்ந்துவிட்ட தேசங்கள், காட்டில் விளைந்த காப்பிக்கொட்டை இனித் தம் துறைமுகத்தில் இறங்கலாகாது என்று விதித்தன. வானிலிருந்து எடுத்த படத்தில் தோட்டமாகத் தெரிந்தால் சான்றிதழ் உண்டு. காடாகத் தெரிந்தால் இல்லை.

மலைச்சரிவில், அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்ட காப்பித் தோட்டம் ஒன்று இருந்தது. அண்ணன் இறந்தபின் அவர் பங்கை மனைவி கவனித்துவந்தாள். பெருமரங்களின் நிழலில் அவள் செடிகள் காய்த்தன. ஒரு கிளையைக்கூட அவள் வீணே வெட்டியதில்லை. தம்பியோ பத்தாண்டுகளுக்கு முன்பே தன் பங்கில் நின்ற மரம் அத்தனையையும் வெட்டிக் கப்பலேற்றிவிட்டான். அவை மேசையாகவும் நாற்காலியாகவும் போய்ச் சேர்ந்தன, இன்று சட்டம் எழுதுகிறவர்களின் வீடுகளுக்கே. தலைமுடி அடர்ந்த அவனுக்கு ஊரார் அன்றே ‘மொட்டை’ என்று பெயர் வைத்தார்கள்.

அறுவடை முடிந்து, அவளுடைய அந்த வருடத்துச் சோறு முப்பது காப்பி மூட்டைகளாக முன்னறையை அடைத்துக் கிடந்தபோது, சான்றிதழ் அதிகாரி வந்தார். கூட்டுறவுச் சங்கச் செயலாளர் அவருக்குக் குடை பிடித்தபடி உடன் வந்தார். முதலில் மொட்டையின் சரிவுக்குப் போனார்கள். அங்கே கொளுத்திய வெயிலில் கைக்கணினியின் திரை தெரியவில்லை. ஆகவே வேலியைத் தாண்டி அவளுடைய மரத்தடிக்கு வந்து அமர்ந்தார்கள்.

“அவருக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லை. உங்களுதுதாம்மா சிக்கல். படத்துல காடுன்னு வருது,” என்றார் அதிகாரி.

“காடு இல்லீங்க, என் தோட்டம். நீங்க சாஞ்சு உட்கார்ந்திருக்கறது என் மாமியார் வெச்ச மரம்.”

“காட்டுல விளைஞ்சதை ஏத்துக்க முடியாதும்மா.”

“அப்போ எல்லாத்தையும் வெட்டிடட்டுமா?”

“ஐயையோ! வெட்டினா காட்டை அழிச்ச குற்றம்.”

“என் கொழுந்தனார் மலையையே சிரைச்சு வெச்சிருக்காரே?”

“அவர் வெட்டினது சட்டத்துல போட்டிருக்கற கடைசித் தேதிக்கு முன்னாடி.”

“ஓ! பாவத்துக்குக் கடைசித் தேதி வெச்சிருக்கீங்களா? சொல்லியிருந்தா நானும் காலாகாலத்துல பண்ணித் தொலைச்சிருப்பேனே!”

சிரிக்கப்போன செயலாளர், அதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அதிகாரியோ நாற்பது பக்கத்தையும் மனப்பாடம் செய்தவர். அண்ணாந்து பார்க்க மட்டும் அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. அந்த நிழலிலேயே மறுப்பை எழுதி, அந்த நிழலிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கைகூப்பிப் போனார்.

ஒரு வாரம் கழித்து, கடைவீதியில் காப்பித்தூள் விற்பவரின் வண்டி அவள் வாசலுக்கு வந்தது. பாதி விலைதான். மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தபோது மொட்டை, சான்றிதழோடு கிடைத்த ஒரு பச்சைப் பலகையைச் சுமந்துகொண்டு வந்தான். ‘இயற்கையின் காவலர்’ என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஓர் இலையும் வரைந்திருந்தது.

“அண்ணி, வண்டியை நிறுத்துங்க. முப்பதையும் என் பேர்ல கப்பலேத்திடலாம். முழு விலை! செயலாளரே சரின்னுட்டாரு.”

“உங்க சரிவுல நாலு மூட்டை தேறுமா? முப்பத்துநாலு எப்படி வந்துச்சுன்னு கேக்க மாட்டாங்களா?”

“வானத்துல இருந்து பார்த்தா மூட்டை தெரியாது அண்ணி.” சற்றுத் தயங்கினான். “பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு. இந்தப் பலகையை மரத்துல மாட்டிப் படம் எடுத்து அனுப்பணுமாம். எங்கிட்ட ஏது மரம்? உங்க வேலியோர மரத்துல ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கறேன்.”

முழு விலை என்ற சொல் அவளை ஒரு கணம் நிறுத்தியது. கீழே மிச்சமிருந்த மூட்டைகளைப் பார்த்தாள். பலகையில் வரைந்திருந்த இலையைப் பார்த்தாள்.

“ஏத்துங்கண்ணே,” என்றாள் வண்டிக்காரரிடம்.

பிறகு கொழுந்தனிடம் திரும்பினாள்.

“ஆணி எதுக்கு? பலகையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு உங்க சரிவுல போய் நில்லுங்க. படத்துல ஒரு மரமாவது தெரியட்டும்.”