ராஜ்மோகன் கேட்ட சாசேஜ்

மாதக்கணக்கில் கஞ்சியைத் தவிர எதையும் தொடாத என் மகன், போன வாரம் வாய்விட்டு ஒன்று கேட்டான். அமெரிக்காவில் வேலை பார்த்தபோது சாப்பிட்ட சாசேஜ். கைமாவில் ஹாலபீன்யோ மிளகாய் சேர்த்து, குடலில் அடைத்து, புகை போட்டது. அந்த மிளகாயின் பேரே எங்கள் வாயில் நுழையாது. ஆனாலும் கேட்டுவிட்டானே என்று அடுப்படிக்குள் போய் அழுதேன்.

ராஜ்மோகனுக்குக் கழுத்தில் கட்டி. சென்னையில் ரேடியேஷன் கரண்ட் வைத்ததில் நாக்கு செத்துப்போயிற்று. ருசி திரும்பினால் சாப்பிடுவான், சாப்பிட்டால் எடை ஏறும், ஏறினால்தான் அடுத்த மருந்தை உடம்பு தாங்கும் என்றார் டாக்டர். எடையோ இறங்கிக்கொண்டே இருந்தது. அப்படி இருக்கும்போதுதான், ருசி வந்துவிட்டது என்று அவனே சொன்னான். என் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி அன்றைக்கு குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க அந்தச் சேதியைச் சொல்லிவிட்டு வந்தார்.

மைன்ஸில் கரி ஓடும் பெல்ட்டோடு ஆயுளைக் கழித்த மனிதர். தெரியாது என்கிற சொல் அவர் வாயில் வராது. போனில் வீடியோ பார்த்துவிட்டு, ஏதோ ஷிப்ட் இன்சார்ஜ் மாதிரி பின்கட்டில் நின்று எனக்கு ஆர்டர் போட்டார். மிளகாய், புதுச்சேரி கடையிலிருந்து பாட்டிலில் வந்தது. ஆட்டுக்குடலை மஞ்சள் போட்டுக் கழுவியது நான். கைமாவில் பூண்டும் கொழுப்பும் உப்பும் பிசைந்ததும் நான். புனலில் குடலை மாட்டி, மத்துக் காம்பால் கைமாவைத் தள்ளினோம். இரண்டு தடவை குடல் கிழிந்தது. மெதுவாத் தள்ளு, மெதுவாத் தள்ளு என்று கத்தியதுதான் இவர் செய்த வேலை.

புகை போடுவது மட்டும் இவர் பொறுப்பு. பண்ருட்டிப் பக்கத்து நண்பர் கண்ணையன் முந்திரி விறகு கொடுத்திருந்தார். மழையில் நனைந்த விறகு, தகர டிரம்மில் அணைந்து அணைந்து போனது. இவருக்கா யோசனை வராது? வெந்நீர் அடுப்புக்கு வைத்திருந்த லிக்னைட் கரிக்கட்டிகளை அள்ளி அடியில் போட்டார். சாயங்காலம் வரை ஒரே சீராகப் புகைந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கும் தப்பாக ஒன்றும் படவில்லை. இந்த ஊரில் இத்தனை வருசம் இருந்தபின், கரிப்புகை எங்கள் மூக்குக்குப் புகையே இல்லை.

சாசேஜை வட்டம் வட்டமாக நறுக்கி வாட்டி, முதல் தட்டை அவனுக்குக் கொடுத்தேன். மென்று விழுங்கினான். அப்படியே அங்கே சாப்பிட்ட மாதிரி இருக்கிறது என்றான். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டிரம்மை அணைத்துவிட்டு வருகிறேன் என்று பின்கட்டுக்கு ஓடினார். நான் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

தார் மாதிரி கசந்தது. கந்தகம் தொண்டையில் ஏறியது. துப்பிவிட்டு ஓடிப்போய் அவன் தட்டைப் பிடுங்கினேன். அப்பா மனசு நோகக் கூடாது என்று இதையா தின்பாய் என்று பின்கட்டுக்குக் கேட்காதபடி அதட்டினேன்.

அவன் மிரண்டுபோய் என்னைப் பார்த்தான். "ஏம்மா, நல்லா இல்லையா?"

அந்தப் பார்வையில் பொய் இல்லை.

"எரியுது. அது மட்டும்தாம்மா தெரியுது," என்றான். "அன்னிக்கு நீ கஞ்சியில உப்பு போட மறந்துட்ட. நான் நல்லா இருக்குன்னேன். உன் முகம் மாறிடுச்சு. உங்க யாருக்கும் தெரியாத ருசியாக் கேட்டா மாட்டிக்க மாட்டேன்னு நினைச்சேன்."

என்னிடம் கெஞ்சிக் கேட்டான், அப்பாவுக்குச் சொல்லாதே என்று. இவர் தின்று பார்த்தால் தெரிந்துவிடும்தான். ஆனால் மகன் பிழைக்க வேண்டும் என்று வடலூரில் வேண்டிக்கொண்டு கறியை விட்டவர் இவர். விரலில் ஒட்டியதைக்கூடக் கழுவிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தார்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "நீ தின்னியா சந்திரா? எப்படி?" என்றார்.

அவன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, இவர் எதிரிலேயே மென்று விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. மிளகாய் காரம் என்றேன். நன்றாக வந்திருக்கிறது என்றேன்.

சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அடுத்த ஞாயிறு இன்னும் ரெண்டு கிலோ போடலாம் என்றார். பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த எடை மெஷினை இழுத்துப்போட்டு, "ஏறி நில்லுடா, பாத்துருவோம்," என்றார்.

ராஜ்மோகன் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டான். சிறுவயதில் ஊசி போடப் போகும்போது அப்படித்தான் பிடிப்பான்.

"சாப்பிட்ட உடனே பாக்கக் கூடாதுங்க," என்றேன். "நாளைக்குப் பாத்துக்கலாம்."

அதுவும் சரிதான் என்று மெஷினைக் காலால் உள்ளே தள்ளினார்.