பேட்ஜ் வாங்கிய கதிர்வீச்சு

அந்தப் பல் மருத்துவ மாணவனைக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு பற்றிக் கேட்டால் தலைகீழாக ஒப்பிப்பான். எக்ஸ்ரே அறைப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்கமாட்டான். அவ்வளவு பயம். உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளப்பதற்காகச் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜை, வகுப்புத் தோழியிடம் கொடுத்தனுப்புவான். அவள் அதை மிஷினுக்கு நேரெதிரே ஆணியில் மாட்டுவாள். பேட்ஜ் அறைக்குள் இருந்தால் ஆளும் வந்ததாகப் பேராசிரியர் வருகை போட்டுவிடுவார்.

மூன்று மாதம் கழித்துப் பேட்ஜ்கள் சோதனைக்குப் போயின. பாதுகாப்பு அதிகாரி அவனைக் கூப்பிட்டனுப்பினார். அறிக்கையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"தம்பி, இந்த ரிப்போர்ட்படி நீ போன மாசமே செத்துட்டே."

"நல்லாத்தானே சார் இருக்கேன்!"

"நீ சொன்னா ஆச்சா? பேட்ஜ் பொய் சொல்லாது. அந்த ரூமுக்குள்ள நான் போனதே இல்லைன்னு எழுதிக் குடு, ரிப்போர்ட்டை ரத்து பண்ணிடறேன். ஆனா வருகை பூஜ்யமாயிடும், பரீட்சை எழுத முடியாது."



"செத்ததாவே இருக்கட்டும் சார். பரீட்சைக்கு மட்டும் வந்துட்டுப் போயிடறேன்."