நடு சீட்டுக்கு ஒரு ஆள்

நாளைக் காலைக்குள் பெரிய உடம்புக்காரர் ஒருவர் வேண்டும் என்று மேலதிகாரி மைதிலி மேடம் சொன்ன மறுநொடியே எழிலின் மனசில் வந்து நின்றது அவனுடைய அக்கா தாயம்மாவின் முகம். முகம்கூட இல்லை, உண்மையைச் சொல்லிவிடுவோமே, உடம்பு. கூடப்பிறந்தவளை இப்படி நினைத்தோமே என்று அந்த இடத்திலேயே கூசிப்போனான். கூசி என்ன பிரயோஜனம், வாய் அதற்குள் "ஏற்பாடு பண்ணிடறேன் மேடம்" என்று சொல்லிவிட்டதே!

எழிலுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை. விமானத்துக்குள் போடுகிற சீட்டுகளை வடிவமைக்கும் கம்பெனி. இரண்டு வருஷமாக ஒரே ஒரு சீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். முதுகை மெலிதாக்கி, வரிசைகளை நெருக்கி, கைப்பிடிகளுக்கு நடுவே முக்கால் அங்குலத்தைக் கிள்ளி நடைபாதைக்குக் கொடுத்திருந்தான். விமானத்தில் ஒரு வரிசை கூடுதலாக ஏறும் என்பதால் வாங்க வந்த ஏர்லைன்காரர்களுக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. ஷெட்டுக்குள் பலகையால் செய்த அரை விமானம் ஒன்று நிற்கும். ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று மூன்று வகையில் ஒன்பது பேரை அதில் இரண்டு மணி நேரம் உட்காரவைப்பார்கள். அரை மணிக்கொரு தரம் வலி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். ஒன்று என்றால் வலியே இல்லை, பத்து என்றால் உயிர் போகிறது. ஆட்களை ஏஜென்சிதான் அனுப்பும். பருமன் வகையில் நடு சீட்டுக்கு வரவேண்டியவருக்கு டெங்கு வந்து தொலைத்தது.

சாயங்காலமே திருமழிசைக்குப் போனான். தாயம்மா மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா அதிசயமா கீது, வார நாள்ல வந்துகீற?"

"நாளைக்கு எங்க ஆபீசுக்கு வரியாக்கா? நான் பண்ண ஏரோப்ளேன் சீட்டுல ரெண்டு மணி நேரம் உக்காந்து பாக்கணும்."

"நானா? இத்தினி பேர் கீறாங்க, என்னை இன்னாத்துக்குடா?"

இங்கே உண்மைக் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அக்கா கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டியிருப்பாள், பிறகு வரவும் வந்திருப்பாள். இவனோ, "உன்னை மாதிரி பொறுமையா யாருக்கா உக்காருவாங்க?" என்றான். அடப்பாவி, எவ்வளவு சுளுவாக வந்து விழுந்தது அந்தப் பொய்!

தாயம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாவுக்கையோடு வாசலுக்கு ஓடினாள். "ஏ முனிம்மா! என் தம்பி செஞ்ச ப்ளேன் சீட்டுல மொதமொத நான்தான் குந்தப்போறேன், தெரியுமா?" என்று எதிர்வீட்டு முனியம்மாவிடம் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. எழில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

மறுநாள் ஒன்பதரைக்கு வரச்சொல்லியிருந்தும், தாயம்மா ஒன்பதுக்கே வந்துவிட்டாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குப் புடவை, தலை நிறைய மல்லி. எழில் ஷெட்டுக்குள் நுழைந்தபோது, சோதனையை நடத்துகிற ரேவதி அவள் இடுப்பை அளந்து முடித்து, டேப்பைப் பிடித்தபடியே அளவை உரக்கச் சொன்னாள். நோட்டில் எழுத வேண்டியது எழில்தான். எழுதினான். நாலு வயசு வரைக்கும் அவனைச் சுமந்துகொண்டு திரிந்த இடுப்பு அது.

ரேவதி ஒரு ஸ்டிக்கரை எடுத்துத் தாயம்மாவின் தோள்பக்கம் ஒட்டினாள். சிவப்பு எழுத்தில் ‘எக்ஸ்எல்’. அக்காவுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று எழில் மனசைத் தேற்றிக்கொண்டான். மடையன்! இதே எஸ்டேட்டில், நாலு தெரு தள்ளி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் சட்டைக் காலரில் அந்த லேபிளைத்தானே வைத்துத் தைத்தாள்? தாயம்மா குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஒல்லிப் பையனின் சட்டையில் இருந்த ‘எஸ்’ஸைப் பார்த்தாள். அப்புறம் தம்பியைப் பார்த்து, அப்போதும் சிரிக்கத்தான் செய்தாள்.

ஏர்லைன் அதிகாரி சிம்ரன் அதைக் கவனித்துவிட்டாள். "உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்களே, தெரிஞ்சவங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தாயம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எழில் முந்திக்கொண்டான்.

"நோ மேடம். ஏஜென்சி அனுப்பினவங்க."

டிசைன் செய்கிறவர்களின் சொந்தக்காரர்கள் சோதனையில் உட்காரக்கூடாது என்று விதி ஒன்று இருந்தது வாஸ்தவம்தான். பிற்பாடு மனசுக்குள் அதையே சொல்லிச் சொல்லிச் சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தான். ஆனால் அந்த ‘நோ’ விதிக்காக வந்ததில்லை. டில்லியிலிருந்து வந்தவள் எதிரே, மல்லிப்பூவும் ஸ்டிக்கருமாக நிற்கிறவளை என் அக்கா என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். தாயம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. ‘நோ’வும் ‘ஏஜென்சி’யும் யாருக்குப் புரியாது? திறந்த வாயை மூடிக்கொண்டு, காட்டிய சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

கைப்பிடி இறங்கவில்லை. ரேவதி இரண்டு கையாலும் அழுத்தித்தான் இறக்கினாள்.

முதல் அரை மணி கழித்து, "எவ்ளோ வலிக்குதும்மா?" என்று கேட்டாள் ரேவதி.

"ஒண்ணு போட்டுக்கோ கண்ணு."

ஒரு மணி ஆனபோதும் ஒண்ணு. ஒன்றரை மணிக்கு ஒல்லிப் பையனே நெளிந்துகொண்டு நாலு என்றான். தாயம்மாவின் நெற்றியெல்லாம் வேர்வை. "ஒண்ணுதான்மா, நல்லாத்தான் கீது." கடைசியிலும் அதேதான். எழில் ஷெட்டின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டால் அக்காவின் தாடை எப்படி இறுகும் என்று அவனுக்குத் தெரியாதா?

சோதனை முடிந்ததும் கைப்பிடியைத் தூக்கி, இரண்டு பேர் கைகொடுத்துத்தான் அவளை எழுப்ப முடிந்தது. கொஞ்ச நேரம் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். முழங்கைக்கு மேலே சிவப்பாகப் பள்ளம் விழுந்திருந்தது. ஸ்டிக்கரை உரித்து மேசை ஓரத்தில் ஒட்டிவிட்டு, எழிலைத் தாண்டி நடந்தாள். ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

உள்ளே சிம்ரனுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். அத்தனை பெரிய உடம்புக்கே ஒன்று என்றால் வேறென்ன வேண்டும்? மைதிலி மேடம் எழிலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரிப்போர்ட்டை அவன் பக்கம் தள்ளி, "கையெழுத்துப் போடு, இரண்டு வருஷ உழைப்பு" என்றார்.

எழில் பேனாவை எடுத்தான். தாயம்மாவின் பேருக்கு நேரே நாலு ஒன்றுகள் நின்றன. இனி அந்த நடு சீட்டில் எத்தனை தாயம்மாக்கள் வந்து உட்கார்ந்து பல்லைக் கடிக்கப் போகிறார்களோ! பேனாவைக் கீழே வைத்தான்.

"மேடம், அந்த ஒண்ணு பொய். அவங்க என் கூடப்பிறந்த அக்கா."

மைதிலி மேடம் முகத்தில் ஈயாடவில்லை. "இதை ஏன்பா காலையிலயே சொல்லலை?"

"வெட்கமா இருந்தது மேடம்."

மைதிலி மேடம் அதைச் சிம்ரனுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். சிம்ரன் மெல்லக் கேட்டாள், சோதனை செல்லாது என்பது இருக்கட்டும், உண்மையில் அவர்களுக்கு எவ்வளவு வலித்தது என்று. எழிலுக்குத் தெரியவில்லை. "கேட்டுட்டு வரேன்" என்று ஓடினான்.

எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. தாயம்மா அதில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நீ என் அக்கான்னு சொல்லிட்டேன்."

"யாராண்ட?"

"எல்லாராண்டயும்."

"அப்புடியா" என்றாள், பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே.

"ஏன்கா எல்லாத்துக்கும் ஒண்ணு ஒண்ணுன்னு சொன்ன?"

"பின்ன? வலிக்குதுன்னு சொன்னா உன் சீட்டு இன்னாத்துக்கு ஆவும்? நீ ஏஜென்சின்னு சொல்லிட்டா நான் அக்கா இல்லாம பூடுவனா?"

எழில் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். எழுதக் காகிதம் இல்லாமல் உள்ளங்கையை விரித்துக்கொண்டான்.

"நெசமான நம்பர் சொல்லுக்கா. கேட்டுனு வரச்சொன்னாங்க."

"ஒம்போது" என்றாள் சட்டென்று.

அவன் எழுதிக்கொண்டிருக்கும்போதே பூந்தமல்லி பஸ் வந்து நின்றது. தாயம்மா கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறினாள். படியிலேயே நின்று, அன்றைக்கு இரண்டாவது தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"அது சீட்டு குடுத்த வலி. நீ குடுத்தது எவ்ளோன்னு கேக்கலியேடா?"

பஸ் கிளம்பியது. கூடவே நாலடி ஓடினான், ஜன்னல் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கேட்டால் அக்கா சொல்லிவிடுவாள் என்ற பயத்தில் அவன் கேட்கவில்லை.