முதுகில் தொங்கும் துணி

சூப்பர் ஹீரோ படம் எதையும் தங்கப்பாண்டி விட்டதில்லை. தல்லாகுளத்தில் மனு டைப் செய்து கொடுக்கும் அவனுக்கு அந்த ஹீரோக்கள்மேல் ஒரே ஒரு கோபம், முதுகில் தொங்கும் அந்த நீளத் துணிதான்.

"வேட்டிய மடிச்சுக் கட்டாம எவன்டா சண்டைக்குப் போவான்?" என்று ஒவ்வொரு இடைவேளையிலும் நண்பன் பீமாராவிடம் பொரிந்து தள்ளுவான்.

நேற்று மேட்னியில் பார்த்த புதுப் படத்தில், வில்லன் எதிரே வந்ததும் ஹீரோ அந்தத் துணியைச் சுருட்டி இடுப்பில் இறுக்கிக் கட்டினான். பீமாராவ் விசிலடித்துவிட்டுத் திரும்பினான்.

"இப்பத் திருப்தியா மாப்ள?"

தங்கப்பாண்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பாப்கார்னை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"பரவாயில்ல, தேறிட்டான். ஆனா வாட்சக் கழட்டிக் கூட்டாளி கையில குடுக்காமக் கைய ஓங்குறானே மாப்ள."