ராமக்காள் வீட்டுக்குப் பூட்டு வந்த கதை

ஆட்சி மாறிய மறு மாதம் கடத்தூர் டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது. வீடு வீடாக ஆள் வரப்போகிறார்களாம். ஃபிரிட்ஜ் இருக்கிற வீட்டில் பெண்களுக்கு மாதாமாதம் வரும் பணம் நிற்குமாம். வண்டி நிற்கிற வீட்டில் கிழடுகளின் பென்ஷன் நிற்குமாம். யார் சொன்னது என்று கேட்டேன். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் காட்டினார்கள். கடைசி ஆள் டீ மாஸ்டரைக் காட்டினார், டீ மாஸ்டர் ரேடியோவைக் காட்டினார். அந்த ரேடியோ பல வருஷமாக ஓடுவதில்லை. ஓடாத ரேடியோவே சொல்கிறது என்றால் சங்கதி உறுதிதான் என்று ஊருக்கு வந்தோம்.

எங்கள் ஊர் எந்த அரசாங்கத்தையும் நம்பியதில்லை. கொடுத்தால் எதற்குக் கொடுக்கிறான் என்போம். நிறுத்தினால் அப்பவே தெரியும் என்போம்.

சவுரியப்பன் தன் டிராக்டரின் மேல் வைக்கோலைப் போட்டு மூடினான். தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மண்டிக்குப் போகும்போதும் வைக்கோலை எடுக்கவில்லை. வைக்கோல்போர் ஒன்று தானாக ரோட்டில் போவதைப் பார்த்து வழிநெடுக மாடுகள் பின்னால் சேர்ந்துகொண்டன. மண்டியில் அவனைத் தக்காளிக்காரன் என்று யாரும் நம்பவில்லை, மாட்டுத் தரகன் என்றே நினைத்தார்கள். காவேரி கேஸ் அடுப்பைப் பரண்மேல் ஏற்றிவிட்டு வாசலில் பச்சை விறகை மூட்டினாள். அந்தப் புகையைப் பார்த்து மழை வந்துவிட்டதென்று சித்தேரி மலைக்காரர்கள் விதைத்தே விட்டார்கள். நான் கூட்டிச் சொல்லவில்லை. முளைத்ததையும் பார்த்தேன்.

ஆனால் ஃபிரிட்ஜை வைக்கோலில் புதைக்க முடியாது. அப்போதுதான் எங்களுக்கு ராமக்காள் ஞாபகம் வந்தது.

திருவிழா முடிந்ததும் மாரியம்மன் கோயில் பித்தளை அண்டாக்கள் ராமக்காள் வீட்டில்தான் இருக்கும். அது பூட்டே இல்லாத வீடு. ஒற்றை அறை, மேலே தகரம். அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, நிலம் இல்லை. முட்டி தேய்ந்துபோனதால் தக்காளி பறிக்கவும் போவதில்லை. விதவை பென்ஷன் ஒன்றுதான் அவளுக்குச் சோறு. ஆட்சி மாறியதிலிருந்து அதுவும் வரவில்லை. ரேஷன் அரிசியை வடித்துவிட்டு, அக்கம்பக்கத்தில் கொடுக்கிற குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பென்ஷன் வருகிறதா என்று நாங்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இல்லாதவள் வீட்டில் எந்த அதிகாரி வந்து தேடப்போகிறான்? இந்த யோசனை எனக்கு மட்டும்தான் வந்தது என்று நான் பெருமையாக இருந்தேன். ஊரில் ஒவ்வொருவரும் அப்படித்தான் பெருமையாக இருந்திருக்கிறார்கள்.

ஊர் காட்டு வேலைக்குப் போயிருக்கும் உச்சிவேளையாகப் பார்த்து டிவியையும் மிக்ஸியையும் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். டிவி ஒரு ஆட்சியில் இலவசமாக வந்தது, மிக்ஸி அடுத்த ஆட்சியில் வந்தது. ஒரு அரசாங்கம் கொடுத்ததை இன்னொரு அரசாங்கத்துக்குத் தெரியாமல் ஒளிக்கப் போனேன். யாருக்கும் சொல்லாதே என்றேன். ராமக்காள், வையுங்க என்றாள். உள்ளே ஏற்கனவே போர்வை போர்த்திய உருவங்கள் நின்றன. அம்மன் அண்டாக்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஓர் அண்டா ஆளுயரத்துக்கு நின்றதையும், இன்னொன்றுக்கு ஹேண்டில்பார் இருந்ததையும் பற்றி நான் யோசிக்கவில்லை.

இரண்டொரு நாளில் ராமக்காள் பாயை வாசலில் போட்டுப் படுக்க ஆரம்பித்தாள். உள்ளே காற்று இல்லை என்றாள்.

அந்த வாரமே ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்தாள். பேர் யுவராணி, பாப்பிரெட்டிப்பட்டி தாலுகா ஆபீஸிலிருந்து வருகிறாளாம். இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, ராமக்காள் வீடு எது என்பதுதான். ஊரே பின்னால் போனது. காட்டிக்கொடுத்தவன் யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நடந்தோம். என்னைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள்.

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. பென்ஷன் நின்றுபோனது என்று ராமக்காளே மனு கொடுத்திருக்கிறாள். நேரில் வந்து வீட்டைப் பார்ப்போம் என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

யுவராணி உள்ளே காலை வைத்ததும் போர்வை ஒன்று சரிந்தது. காவேரியின் ஃபிரிட்ஜ். அதைத் தாங்கப் போனவள் கைபட்டு அடுத்ததும் சரிந்தது. மாதேஸ்வரனின் புது பைக். அதற்குப் பின்னால் வாஷிங் மெஷின், அதன் தலையில் என் டிவி.

"ஏம்மா, இத்தனையும் வச்சிக்கிட்டா பென்ஷன் வரலைன்னு மனு குடுத்தீங்க?"

"என்னுது இல்லீங்க. இதோ நிக்கறாங்களே, இவங்களக் கேளுங்க."

யுவராணி எங்களைப் பார்த்தாள். நாங்கள் வானத்தைப் பார்த்தோம். வானத்தில் ஒன்றுமில்லை, இருந்தாலும் நன்றாகப் பார்த்தோம். அவள் பேனாவைத் திறந்தாள். இதை எழுதிவிட்டால் ராமக்காளுக்கு இனி பென்ஷன் கிடையாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்போதும் வானத்திலிருந்து ஒருத்தரும் கண்ணை எடுக்கவில்லை. நானும்தான்.

ராமக்காள் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"சரிங்க மேடம். யாருதும் இல்லைன்னா என்னுதுன்னே எழுதிக்கோங்க. பென்ஷன் போனாப் போவுது. நாளைக்கே இதையெல்லாம் வித்துட்டு உக்காந்து சாப்பிட்டுக்கறேன்."

முதலில் காவேரிதான் இருமினாள். ஃபிரிட்ஜ் தன்னுடையது என்றாள். மாதேஸ்வரன் பைக் சாவியை எடுத்துக் காட்டினான். அதற்குப் பிறகு வாசலில் நிற்க இடமில்லை. மிக்ஸிகள் எல்லாம் ஒரே அரசாங்கத்து மிக்ஸிகள் என்பதால் எது யாருடையது என்று தள்ளுமுள்ளே நடந்தது. நான் கொண்டுபோனதைவிடக் கொஞ்சம் நல்ல மிக்ஸியாகப் பார்த்து என்னுடையது என்றேன்.

யுவராணி பேனாவை மூடினாள்.

"நான் இவங்க ஒருத்தர் வூட்டப் பாக்கத்தான் வந்தேன். உங்களையெல்லாம் யாருங்க கேட்டாங்க?"

பட்டப்பகலில், ஒருவர் பார்க்க ஒருவர், அவரவர் சாமானைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தோம். உள்ளே ஒரு சோற்றுப்பானையும் அம்மன் அண்டாக்களும் மட்டும் மிஞ்சின. யுவராணி அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனாள்.

ஒருநாள் ராமக்காளிடம், முதலிலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொல்லியிருக்கலாங்க. அப்புறம் கொழம்பு யாரு ஊத்துவாங்க?"

அடுத்த மாதம் அவளுக்குப் பென்ஷன் வந்தது, நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்து. எங்களுக்கு வரவேண்டியதும் ஒன்றுகூடக் குறையாமல் வந்தது. அதுதான் எங்களுக்கு இன்னும் பெரிய சந்தேகம். அத்தனை பேரும் வாக்குமூலம் கொடுத்த பிறகும் கொடுக்கிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. சவுரியப்பன் இன்னும் டிராக்டரிலிருந்து வைக்கோலை இறக்கவில்லை.

ராமக்காள் பென்ஷன் பணத்தில் முதல் காரியமாகக் கடத்தூர் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தாள். கோயில் அண்டாக்களுக்கு இத்தனை வருஷம் பூட்டு தேவைப்படவில்லை, இப்போதும் தேவையில்லை. நாங்கள் எதையும் கொண்டுபோய் உள்ளே வைத்துவிடக் கூடாது, அதற்குத்தான் பூட்டு.