மேசைக்கு அடியில்

"நல்லா அழுத்திப் பிடிங்கய்யா. விட்டீங்கன்னா போயிடும்," என்றான் மெக்கானிக்.

மேசைக்கு அடியில் மண்டியிட்டிருந்த கிழவர், இன்டர்நெட் ஒயரின் முனையைப் பெருவிரலால் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அழுத்தினார். மேலே கம்ப்யூட்டரில் மகளின் குரல் திரும்பி வந்தது.

"அம்மா... நான் தெரியறேனாம்மா?"

கட்டிலில் கிடந்தவளிடமிருந்து மூச்சு மட்டும்தான் வந்தது, இழுத்து இழுத்து. இன்று தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போனார். யாரையும் நம்பாத கிழவர், மனைவி விஷயத்தில் டாக்டர் சொன்னதையும் நம்பவில்லை. ஆனால் கடல் தாண்டி இருக்கும் மகளுக்கு நாளை மறுநாள்தான் விமானம். அம்மாவைப் பார்ப்பதென்றால் இந்தத் திரையில்தான். அதுவோ வருவதும் போவதுமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. கிழவரிடம் இருப்பது பொத்தான் போன். மெக்கானிக்கின் போனுக்கு அந்த வீட்டுக்குள் சிக்னல் ஏறவில்லை.

அவன் உள்ளே நுழைந்ததுமே கிழவர் சொல்லிவிட்டார். "புதுப் பொட்டி வாங்கணும்னு கதை விட்டே, வாசல் அங்க இருக்கு."

அவன் பேசாமல் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். பிளக்கை வேறு இடத்தில் மாட்டினான். கடைசியில் குனிந்து ஒயரைத் தொட்டதும் படம் போனது, தள்ளியதும் வந்தது.

"பொட்டிக்கு ஒண்ணும் இல்லைங்கய்யா. ஒயர் முனைய உள்ள பிடிச்சு நிறுத்தற நாக்கு உடைஞ்சிருக்கு. யாரோ பிடுங்கிப் பிடுங்கி எடுத்திருக்காங்க."

ஒயர் வழியாக எவனாவது வீட்டுக்குள் பார்ப்பான் என்று, தினமும் படுக்கப் போகும்முன் வெடுக்கென்று பிடுங்கிப் போடுவது கிழவர்தான். "பார்த்து? இந்தக் கிழவியத் தூக்கிட்டா போகப் போறான்?" என்று மனைவி சிரிப்பாள்.

காகிதத்தை மடித்துச் செருகிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. கிழவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, புது ஒயர் எடுத்துவர மெக்கானிக் தன் கடைக்கு ஓடினான்.

முழங்கால் கடுத்தது. தலையைத் திருப்பினால் பலகை இடித்தது. சுவரைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. முதுகுக்குப் பின்னால் மகள் பேசிக்கொண்டே போனாள். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்ததை, அம்மா துடைப்பத்தோடு தெருமுனைவரை துரத்தியதை.

"உன் மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு முட்டை உடைக்கத் தெரியலம்மா." தானே சிரித்தாள். தானே மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பா, நீங்க எங்க? அம்மா பக்கத்துல வந்து உட்காருங்களேன்."

"வந்தா இது அறுந்துடும். நீ பேசு."

பேசினாள். பிறகு பாதி வார்த்தையில் நிறுத்தினாள்.

கிழவர் இன்னும் அழுத்தினார். நகம் வெளுத்தது. சத்தம் வரவில்லை. ஒயரை லேசாகத் திருகிப் பார்த்தார்.

"சனியன், மறுபடியும் போயிடுச்சா? பாப்பா! கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"அப்புறம் ஏன் பேச்சக் காணோம்?"

அதுவரை அறையில் கேட்டுக்கொண்டிருந்த மூச்சிழுப்புச் சத்தம் இப்போது இல்லை.

ஒயரிலிருந்து விரலை எடுக்காமல் கட்டில் பக்கம் தலையைத் திருப்பப் பார்த்தார்; பலகை இடித்தது.

"நான் வரட்டுமா?"

"விட்றாதீங்கப்பா," என்றாள் மகள். "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."

பெருவிரல் மரத்துப்போயிருந்தது. ஒயர் அசைந்துவிடாமல் இடது கையை மெல்லக் கொண்டுவந்தார். வலது விரலை ஒட்டி இடது விரலை வைத்து, அது நன்றாக அழுந்திய பிறகே வலதை எடுத்தார்.